கேப்டனுக்கு எந்தக் கையில் அடி?

விண்கப்பல் வெடிக்க இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அதன் கேப்டனோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, ஒட்டுத்தாடி நனைந்துவிடாமல் ஸ்ட்ரா வைத்துத் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவர் 'நெடுவான்' என்ற டிவி தொடரின் நடிகர்தான். ஆனால் பத்து மாதமாகக் காவலாளி முதல் தயாரிப்பாளர் வரை எல்லோரும் கேப்டன், கேப்டன் என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, மனிதருக்கு நடையே மாறிப்போயிருந்தது.

அவருக்கு எதிரே தரையில் குந்தி உட்கார்ந்து, சட்டையில் எத்தனை பொத்தான் திறந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவளுக்குக் கண்டினியூட்டி வேலை. படம் எடுப்பவர்கள் கதை வரிசையில் எடுப்பதில்லையே! முடிவை முதலில் எடுப்பார்கள், நடுவை நாலு மாதம் கழித்து எடுப்பார்கள். இந்தக் குளறுபடியில் பாதி குடித்த தம்ளர் அடுத்த காட்சியில் நிரம்பிவிடாமலும், அழுக்குச் சட்டை தானாகத் துவைத்துக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. ஒவ்வொரு காட்சியும் முடிந்ததும் போட்டோ எடுத்து ஒரு பெரிய ஃபைலில் ஒட்டி வைத்துக்கொள்வாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள் என்று அவளுக்குக் 'கழுகு' என்று பெயர் வைத்திருந்தார்கள். நாலாவது எபிசோடுக்குப் பிறகும் அதே பெயர்தான். ஆனால் கூப்பிடும்போது ஒரு சிரிப்பும் சேர்ந்துகொண்டது.

நாலாவது எபிசோடில் நடந்தது இதுதான். மூவாயிரமாவது ஆண்டில், நட்சத்திரங்களுக்கு நடுவே, கேப்டன் கையை உயர்த்தி "முன்னேறுங்கள்!" என்கிறார். அந்தக் கையில் அவருடைய சொந்தக் கைக்கடிகாரம். மணி ஒன்று பத்து, சாப்பாட்டு நேரம். இதை முதலில் கண்டுபிடித்து நேயர் குழுவில் போட்டது வேறு யாருமில்லை, கழுகின் சொந்த மகள். பதினான்கு வயது. 'நெடுவான்' தொடர் என்றால் உயிரை விடுவாள், ஆனால் அதில் வருகிற தப்புகளுக்கென்று தனியாக ஒரு நோட்டும் வைத்திருப்பாள். வீட்டுக்குள்ளேயே இப்படி ஓர் உளவாளியை வளர்த்தால் என்னதான் செய்வது?

"இன்னொரு தடவை இந்த மாதிரி நடந்துச்சுன்னா அடுத்த சீசனுக்கு நான் வேற ஆளைப் பாத்துக்குவேன்" என்று டைரக்டர் அன்றைக்கு எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அவருக்கு மூக்கின் மேல் கோபம், ஆனால் சொன்னால் செய்கிறவர். கழுகுக்கு இந்த வேலை என்றால் உயிர். பன்னிரண்டு வருடம் துணிக்கடை விளம்பரத்துக்கும் சோப்பு விளம்பரத்துக்கும் பொத்தான் எண்ணிவிட்டு, இப்போதுதான் ஒரு விண்கப்பலில் ஏறியிருந்தாள். அதிலிருந்து இறங்க அவளுக்குத் துளியும் மனசில்லை.

அன்றைக்குப் பதினோராவது எபிசோடின் பெரிய காட்சி. விண்கற்கள் மோதிக் கப்பலின் கட்டுப்பாட்டு அறை சிதறுகிறது. ஆட்களையெல்லாம் தப்பிக்கும் ஓடத்துக்கு அனுப்பிவிட்டுக் கேப்டன் மட்டும் தனியாக நிற்கிறார். ஜன்னல் வெடிக்கிறது, கூரை உத்தரம் சரிந்து அவர் கையைக் கிழிக்கிறது, அவர் தள்ளாடி வாசல் வழியாகப் போகிறார். ஒரே டேக்தான். ஜன்னலுக்குப் போலிக் கண்ணாடி ஒன்றுதான் வந்திருந்தது. செட்டும் உடைந்தால் உடைந்ததுதான். மற்ற எல்லாக் காட்சிகளையும் ஏற்கெனவே எடுத்தாயிற்று. வீட்டை இடிப்பது கடைசி வேலையாகத்தானே இருக்க முடியும்? வாசலில் தீயணைப்பு வண்டி நின்றது. சரியாக ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். அது கிளம்பினால் ஒரு மத்தாப்புகூடக் கொளுத்த அனுமதியில்லை. இப்போது மணி மூன்று ஐம்பது.

"எல்லாரும் போனைப் பெட்டியில போடுங்க! ஒரு போன்கூட உள்ள இருக்கக் கூடாது!" என்று வெடி மாஸ்டர் கத்தினார். போன் அலைபட்டு வெடி தானாகக் கிளம்பிவிடும் என்று அவருக்குப் பயம். கழுகு தன் போனை அணைக்கும்போது மகளின் செய்தி மின்னியது.

"அம்மாஆஆ டிரெய்லர் வந்துருச்சு!!! கேப்டனுக்கு வலது கைல கட்டு!!! என்ன ஆச்சு அவருக்கு? சொல்லு சொல்லு சொல்லு!"

கழுகு சிரித்துக்கொண்டே போனைப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

விளக்குகள் எரிந்தன. ஜன்னலுக்கு வெளியே, விண்வெளி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கேமரா. அறையின் பின்னால் வாசலோரம் இன்னொன்று. கேப்டன் ஜன்னலைப் பார்த்து, தரையில் ஒட்டியிருந்த சிவப்பு நாடாக் குறியின் மேல் நின்றார். அவருடைய இடப்பக்கத் தலைக்கு மேலே உத்தரம் கம்பியில் தொங்கியது. கழுகு ஃபைலைத் திறந்தாள். ஓடத்துக்குள் டாக்டர் பெண் கேப்டனுக்குக் கட்டுப் போடும் காட்சியை ஆறு வாரத்துக்கு முன்பே எடுத்திருந்தார்கள். போட்டோவில் இடது கையில் கட்டு. உத்தரமும் இடப்பக்கம். எல்லாம் சரி.

"சத்தம் போடாதீங்க! கேமரா ரெடியா?"

"ரெடி சார்."

மகள் வலது கை என்றல்லவா எழுதியிருந்தாள்?

சின்னப் பெண், அவசரத்தில் மாற்றி எழுதியிருப்பாள். யார், அவளா? கைக்கடிகாரத்தில் மணி ஒன்று பத்தா, ஒன்று பதினொன்றா என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டவள் இடமும் வலமும் மாற்றி எழுதுவாளா? கடையில் மீதிச் சில்லறையை மறந்து வருவாள், பள்ளிக்கூடத்தில் குடையை மறந்து வருவாள், நெடுவானில் மட்டும் தப்பே வராது.

"மாஸ்டர்?"

"ரெடி. மூணு எண்ணுவேன்."

ஃபைல் இடது என்கிறது. மகள் வலது என்கிறாள். தப்பென்று தெரிந்து சும்மா இருந்தால் ஊர் சிரிக்கும். நிறுத்திவிட்டு, மகள் சொன்னது தப்பாக இருந்தால் இப்போதே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். படப்பிடிப்பை நிறுத்தச் சொல்ல டைரக்டரைத் தவிர வேறு யாருக்கும் அதிகாரம் கிடையாது.

"மூணு... ரெண்டு..."

"நிறுத்துங்க!"

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். ஐம்பது பேர் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். வெடி மாஸ்டர் பொத்தானிலிருந்து விரலை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"யாரு? யாரு அது?" டைரக்டர் நாற்காலியை உதைத்துவிட்டு வந்தார்.

"நான்தான் சார். கை... கேப்டனுக்கு அடி வலது கையில சார். டிரெய்லர்ல வலது கைன்னு வந்திருக்கு."

"நீ பாத்தியா?"

"என் பொண்ணு பாத்தா சார்."

டைரக்டர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "உன் பொண்ணு பாத்தாளா! ஐம்பது பேரு, ஒரு ஃபயர் வண்டி, ஒரே ஒரு கண்ணாடி, உன் பொண்ணு பாத்தாளாம்! அவளையே டைரக்ட் பண்ணச் சொல்லேன்!"

பதில் சொல்லிக்கொண்டு நிற்க நேரமில்லை. கழுகு ஓடினாள். நாற்பத்து மூன்று வயதில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கேபிள்களைத் தாண்டித் தாண்டி ஓடி, பெட்டியிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு மஞ்சள் கயிற்றுக்கு அப்பால் போய் நின்றாள். பின்னாலேயே டைரக்டரும் வெடி மாஸ்டரும், அவர்களுக்குப் பின்னால் தேநீர்க் கோப்பையோடு கேப்டனும் வந்தார்கள். போன் உயிர்பெற எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே, அப்பப்பா!

டிரெய்லர் ஓடியது. ஓடத்துக்குள் கேப்டன், முகத்துக்கு அருகில் கேமரா, மார்போடு அணைத்த கையில் கட்டு. வலது கை, சந்தேகமே இல்லை.

"அப்போ உன் ஃபைல் தப்பு" என்றார் டைரக்டர். குரல் தாழ்ந்திருந்தது. அவர் கத்தாமல் பேசினால்தான் ஆபத்து. "போன்ல எடுத்த போட்டோதானே? கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பி எடுத்திருக்கும். அதை நம்பித்தான் மாஸ்டர் இடப்பக்கம் உத்தரத்தைக் கட்டியிருக்காரு. இது ரெண்டாவது தப்பும்மா."

பத்து மாதமாகக் கழுகு மார்போடு அணைத்துக்கொண்டு திரிந்த ஃபைல். அதில் தப்பா? பக்கத்தைப் புரட்டினாள். போட்டோவில் கேப்டனின் காலடியில், காட்சி எண் எழுதிய கிளாப் பலகை சாய்ந்திருந்தது. எந்தக் காட்சி என்று பின்னால் குழப்பம் வராமல் இருக்க, போட்டோவில் பலகையும் விழும்படி எடுப்பது அவள் வழக்கம்.

"சார், பலகையைப் பாருங்க. எழுத்து நேரா இருக்கு. போட்டோ திரும்பியிருந்தா எழுத்தும் திரும்பித்தானே இருக்கணும்?"

மூன்று தலைகள் ஃபைலின் மேல் முட்டிக்கொண்டன.

"அட, ஆமா" என்றார் கேப்டன்.

"அப்போ திரும்பியிருக்கிறது டிரெய்லர்!" என்றாள் கழுகு.

டைரக்டர் அந்தக் கணமே எடிட்டருக்குப் போன் போட்டார். எடிட்டர் ஒரு சாது மனிதர். பகலிலும் இருட்டு அறையில் வாழ்பவர்.

"அந்த ஓடத்து ஷாட்டா? ஆமா சார், திருப்பித்தான் போட்டிருக்கேன். டாக்டரும் வலப்பக்கம் பாக்குறாங்க, கேப்டனும் வலப்பக்கம் பாக்குறாரு. ரெண்டு பேரும் பேசிக்கிற மாதிரியே இல்ல, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி இருந்துச்சு. திருப்பினேன், ஜம்முனு உக்காந்துச்சு."

"எங்ககிட்ட ஏன்யா சொல்லல?"

"பின்னாடி சுவருதானே சார், எழுத்து எதுவும் இல்ல. கட்டு தெரியிற ஷாட்டும் அது ஒண்ணுதான். யாருக்குத் தெரியப்போகுது?"

யாருக்குத் தெரியப்போகுது! கழுகு தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் உருண்டு இறங்கியது. தப்பு அவளுடையது இல்லை. அப்பாடா! ஆனால் அதைக் கொண்டாட ஒரு விநாடிகூட இல்லை. மணி நாலு இருபது.

"உத்தரத்தை வலப்பக்கம் மாத்த எவ்வளவு நேரமாகும் மாஸ்டர்?"

"மூணு மணி நேரம். கம்பி, வெடி, எல்லாத்தையும் கழட்டி மாட்டணும். சாமி சத்தியமா அதுக்குக் குறைஞ்சு ஆகாது."

"எடிட்டிங்ல மறுபடி நேராத் திருப்பிட்டா?" என்றார் டைரக்டர்.

"டிரெய்லரை இந்நேரம் லட்சம் பேரு பாத்திருப்பாங்க" என்றாள் கழுகு. "என் பொண்ணு மாதிரி எத்தனை பேரு நோட்டு வச்சிருக்காங்களோ!"

"இன்னைக்கு எடுக்கிறதையும் அதே மாதிரி திருப்பிட்டா?" என்று கேட்டார் கேப்டன்.

"அறை முழுக்க எழுத்து சார். பொத்தானுக்குப் பொத்தான் எழுதியிருக்கு. எல்லாம் இடம் வலமாத் திரும்பித் தெரியும்" என்றாள் கழுகு.

டைரக்டர் வாசற்படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். தீயணைப்பு வண்டிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கழுகு அரங்கத்தின் கதவு வழியாகக் கட்டுப்பாட்டு அறையைப் பார்த்தாள். சிவப்பு நாடாக் குறி, அதன் இடப்பக்கம் தொங்குகிற உத்தரம், ஜன்னல். கேப்டன் ஜன்னலைப் பார்த்து நிற்பார். நின்றால் இடது கை. அவள் தானாகவே ஜன்னல் பக்கம் பார்த்து நின்று இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி வாசலைப் பார்த்து நின்றாள்.

"சார்! அவரு திரும்பி நின்னா?"

"என்னது?"

"அதே இடம், அதே உத்தரம். அவரு மட்டும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்னா அடி வலது கையில சார்!"

"ஏம்மா, விண்கல் பறந்து வருது. அதைப் பாக்காம ஒருத்தன் திரும்பி நிப்பானா? அவன் கேப்டனா, கேனையனா?"

"அவரு ஆளுங்க அந்த வாசல் வழியாத்தானே சார் போனாங்க?" கழுகுக்கு மூச்சு வாங்கியது. "விண்கல்லை எவ்வளவு நேரம் பாக்கிறது? அதான் வருதுன்னு தெரிஞ்சுபோச்சே. எல்லாரும் பத்திரமாப் போய்ட்டாங்களான்னுதானே பாப்பாரு? நானா இருந்தா அதைத்தான் பாப்பேன்."

டைரக்டர் எழுந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மெல்ல மெல்ல அந்த முகம் மாறிய விதத்தைப் பார்த்துக் கழுகுக்கே உடம்பு சிலிர்த்தது.

"வாசல் பக்கக் கேமராதான் இனி மெயின்!" என்று அலறிக்கொண்டே உள்ளே ஓடினார். "முகம் முன்னாடி, வெடிக்கிற ஜன்னல் பின்னாடி! லென்ஸை மாத்துங்கடா! லைட்டைத் திருப்பு! ஓடு, ஓடு!"

"கண்ணாடி முகத்துல தெறிக்காது, எனக்கும் நிம்மதி" என்றார் வெடி மாஸ்டர், ஓடிக்கொண்டே.

அடுத்த இருபத்தைந்து நிமிடம் அந்த அரங்கமே இரண்டுபட்டது. ஏணி வந்தது, விளக்கு போனது, ஒருவர் காலை இன்னொருவர் மிதித்தார், திட்டிக்கொண்டே சிரித்தார்கள். ஒப்பனைக்காரி கேப்டனின் இடது கையிலிருந்த போலி ரத்தப் பையைப் பிய்த்து வலது கையில் கட்டினாள். கழுகு ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து டிக் அடித்தாள்.

மணி நாலு ஐம்பத்திரண்டு. கேப்டன் குறியில் நின்றார். ஜன்னலுக்கு முதுகு.

"ஒரு விஷயம்" என்றார். "வெடி எப்போ வருதுன்னு எனக்குத் தெரியாதே? அதுவுமில்லாம வெறும் வாசலைப் பாத்து எப்படி நடிக்கிறது? பாக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும்."

"என்னைப் பாருங்க சார்" என்றாள் கழுகு. கேமராவை ஒட்டி வாசலில் போய் நின்றாள். "நான் கையைத் தூக்கியிருப்பேன். கீழ விட்டதும் வெடிக்கும்."

ஒரு கையில் ஃபைல், ஒரு கை மேலே. மாஸ்டர் எண்ணினார். கேப்டன் அவளைப் பார்த்தார். அவள் கேப்டனின் வலது கையைப் பார்த்தாள். அதைத் தவிர இந்த உலகத்தில் அவளுக்கு வேறெதுவும் இல்லை. கையை விட்டாள்.

டமார்!

ஜன்னல் நொறுங்கியது, புகை பொங்கியது, உத்தரம் கிறீச்சிட்டுக்கொண்டு இறங்கியது. வலது கை உயர்ந்தது, உத்தரம் உரசியது, ரத்தம் பீறிட்டது, எல்லாம் அந்த வலது கையில்தான். கேப்டன் தள்ளாடி, அவளைக் கடந்து, வாசலைத் தாண்டிப் போனார்.

"கட்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஒப்பனைக்காரி விசும்பி விசும்பி அழுதாள். வெடி மாஸ்டர் யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார். டைரக்டர் கழுகிடம் வந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"எப்படி இருந்துச்சும்மா?"

"முழங்கைக்கு மேல நாலு விரல் தள்ளி அடிபட்டிருக்கு சார். கட்டு மறைச்சிரும்."

டைரக்டர் அவளையே பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடுத்த சீசனுக்கு இதைவிடப் பெரிய ஃபைலா வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்தை வீடு போய்ச் சேரும்வரை கழுகு வாய்க்குள் நூறு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து, மாலை ஏழு மணி. வீட்டில் மூன்று பேரும் டிவி முன்னால். கணவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. கிரீஸ் படிந்த சட்டையைக்கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்திருந்தார். மகள் மடியில் நோட்டு, விரலில் பேனா, கண்ணில் வெறி. கழுகு அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. கேட்டுக் கேட்டுச் சண்டை போட்டு, இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்துவிட்டாள் மகள்.

விண்கல் நெருங்கியது. கேப்டன் ஜன்னலைப் பார்க்க வேண்டியவர், திரும்பினார்.

கழுகு அந்த முகத்தை அப்போதுதான் பார்த்தாள். அன்றைக்கு எட்டடி தூரத்தில் நின்றும் பார்க்காத முகம். பின்னால் உலகமே நெருப்பாக எழுகிறது. அவரோ போகிறவர்களை, அவர்கள் பத்திரமாகப் போகிறார்களா என்று, அத்தனை பிரியத்தோடு பார்க்கிறார். அந்தக் கண் நேராகத் தன்மேல் நிற்பதாக இருந்தது அவளுக்கு. நிஜமாகவே தன்மேல்தான் நின்றது என்பது பிறகுதான் உறைத்தது. அடக் கடவுளே, அந்த மனிதர் தன்னையா இப்படிப் பார்த்தார்? ஜன்னல் நொறுங்கியது, புகை மூடியது, அவர் தள்ளாடி வாசலைத் தாண்டினார். விளம்பரம் வந்துவிட்டது.

மகள் முழங்காலில் முகம் புதைத்துத் தேம்பிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி" என்றாள் கழுகு, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அடி எந்தக் கையில?"

"என்னது?"

"கேப்டனுக்கு. எந்தக் கையில அடிபட்டுச்சு?"

மகள் விழித்தாள். நோட்டைப் பார்த்தாள். பதினோராவது எபிசோடுக்கென்று கோடு போட்டு வைத்த பக்கம், ஒரு எழுத்து இல்லாமல் கிடந்தது.

"நான் பாக்கலயேம்மா" என்றாள், ஏதோ பெரிய குற்றம் செய்துவிட்டவள்போல. "நீ பாத்தியா?"

அன்றைக்கு எடுத்தது வலது கை என்று கழுகுக்குத் தெரியும். ஆனால் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, திரையில் அவள் கண் கையைத் தேடாமல் முகத்திலேயே நின்றுவிட்டது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தது.

"நானும் பாக்கலடி" என்றாள்.